வசனமே இல்லாமல் நிற்கவைத்தது தண்டனையா?

பி.காம். கிடைக்காமல் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். நாடகத் தாள் எடுக்கும் மேடம் மிகவும் கண்டிப்பானவர். கைடு கொண்டுவந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். நோட்ஸ் கொடுப்பதில்லை. முதல் வகுப்பிலேயே சோஃபக்ளிஸ் எழுதிய கிரேக்க நாடகம் ‘ஈடிபஸ்’ கதையை முடிவுவரை சொல்லிவிட்டார். ஒருவர் எழுந்து வாய்விட்டுப் படிக்கும்போது மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைக்க வேண்டும். உச்சரிப்பு தவறினால் எல்லோர் முன்னாலும் திருத்துகிறார். போன வாரம் இவரை ஈடிபஸின் மனைவியான ராணி ஜொகாஸ்டாவாக நிற்கவைத்திருக்கிறார். ஒரு பக்கத்துக்கு மேல் வசனமே இல்லை. அசையாமல் நில் என்றாராம். நண்பர்கள் ‘ராணியம்மா’ என்று கேலி செய்கிறார்கள். “இது என்ன தண்டனை? படம் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதினால் போதாதா?” என்பது கேள்வி.

அது தண்டனை இல்லை. நாடகம் முழுவதிலும் நடிக்க மிகக் கடினமான இடங்களில் ஒன்று அது. அதை உங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார். கல்லூரியில் நாடகப் பாடம் எடுத்தும் மாணவர்களை மேடையேற்றியும் வந்தவன் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் நின்ற இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கொரிந்த் நகரத்திலிருந்து ஒரு தூதன் வந்திருக்கிறான். ஈடிபஸின் தந்தை என்று எல்லோரும் நம்பும் பாலிபஸ் இறந்துவிட்டார், இனி அங்கே ஈடிபஸ்தான் அரசன் என்பது அவன் கொண்டுவந்த செய்தி. ஜொகாஸ்டாவுக்கு நிம்மதி. தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற தெய்வ வாக்கில் பாதி பொய்த்துவிட்டதே! ஈடிபஸுக்கோ தாயைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை. அதைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு தூதன் சொல்லத் தொடங்குகிறான். பாலிபஸ் உன்னைப் பெற்றவர் இல்லை. கிதேரோன் மலையில் ஓர் இடையன் உன்னை என் கையில் கொடுத்தான். உன் கணுக்கால்கள் துளைக்கப்பட்டிருந்தன, நான்தான் அவிழ்த்துவிட்டேன். அந்த இடையன் ஜொகாஸ்டாவின் முதல் கணவன் லாயஸ் மன்னனின் ஆள்.

தூதன் ஈடிபஸைப் பார்த்துத்தான் பேசுகிறான். ஆனால் அவன் சொல்லும் ஒவ்வொன்றும் போய்த் தைப்பது ஜொகாஸ்டாவை. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத தன் குழந்தையின் கணுக்கால்களைப் பிணைத்து லாயஸ் மலையில் எறியச் செய்தான் என்று சற்று முன்னால் சொன்னவளே அவள்தான். மூல கிரேக்கத்தில் அறுபது வரிகளுக்கு மேல் அவள் வாய் திறப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும் இரண்டு ஆண்களுக்கும் உண்மை தெரியாது. பேசாமல் நிற்பவளுக்கு, ஈடிபஸ் தன் மகன்தான் என்பது முழுவதும் தெரிந்துவிட்டது. கடைசியில் ஈடிபஸ் அவள் பக்கம் திரும்பி அந்த இடையனைப் பற்றிக் கேட்கிறான். விட்டுவிடு, இதைத் தேடாதே என்று அவள் கெஞ்சுகிறாள். அவன் கேட்கிற மாதிரி இல்லை. பாவப்பட்டவனே, உன்னை நான் அழைக்க இனி இந்தப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுகிறாள். கணவனே என்று அழைக்கவும் நா எழாது, மகனே என்று அழைக்கவும் எழாது. அதற்குப் பிறகு அவள் மேடைக்கு வருவதில்லை. தூக்கிட்டுக்கொண்டாள் என்ற செய்திதான் வருகிறது.

இதை அறையில் தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் படித்தால், அந்தப் பக்கத்தில் ஜொகாஸ்டா இருப்பதே தெரியாது. அச்சில் பெயர் வராத பாத்திரம் கண்ணில் படாது. கைடிலும் இருக்காது, ஏனென்றால் கைடு எழுதுகிறவர்கள் வசனத்துக்குத்தான் பொருள் சொல்வார்கள். உங்களை எழுப்பி நிற்கவைத்ததால்தான் அவள் அங்கே இருக்கிறாள் என்பது வகுப்பு முழுவதற்கும் கண்கூடாகத் தெரிந்தது. அடுத்த முறை அப்படி நிற்க நேர்ந்தால் ஒரு வேலை செய்து பாருங்கள். எந்த வார்த்தையில் அவளுக்கு உண்மை புரிகிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மலையின் பெயர் வரும்போதா? கணுக்கால் என்ற சொல்லிலா? லாயஸின் ஆள் என்னும்போதா? மூன்றில் எதை எடுத்தாலும் காட்சி மாறும். கணுக்கால் என்றால், அதற்குப் பிறகு வரும் வரிகள் முழுவதும் அவள் தெரிந்துகொண்டே நிற்கிறாள். லாயஸ் பெயர் வரும்வரை என்றால், அதுவரை ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நடிப்பவர்களும் இயக்குபவர்களும் இன்றுவரை இதைப் பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

சரித்திரத்திலும் இந்த இடத்துக்கு மதிப்பு உண்டு. கிரேக்க நாடகத்தில் முதலில் கோரஸ் என்னும் பாடி ஆடும் குழுவும் ஒரே ஒரு நடிகரும்தான். ஈஸ்கிலஸ் இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தார், சோஃபக்ளிஸ் மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தார் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். இருவர் இருந்தால் வாதாடலாம், கெஞ்சலாம், மிரட்டலாம். இருவர் பேச, அதைக் கேட்டு இன்னொருவர் உள்ளுக்குள் உடைந்துபோவது என்றால் மூன்றாவது ஆள் வேண்டும். கோரஸும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது, ஆனால் கோரஸ் என்பது ஊர். ஊர் கேட்பது வேறு, வாழ்க்கை பறிபோகிறவள் கேட்பது வேறு. தூதன், ஈடிபஸ், ஜொகாஸ்டா என்று மூன்று நடிகர்களையும் ஒரே நேரத்தில் மேடையில் நிறுத்தி, அதில் ஒருவரைப் பேசவிடாமல் வைத்திருக்கிறார் சோஃபக்ளிஸ். நூற்றுக்கு மேல் நாடகம் எழுதியவர் அவர். முழுதாக நமக்குக் கிடைத்தவை 7. அந்த ஏழில் இது ஒன்று மிஞ்சியது நம் அதிர்ஷ்டம்.

கேலி செய்யும் நண்பர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், வசந்த காலத்து டயோனிசஸ் திருவிழாவில் நடித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஜொகாஸ்டாவும் ஆண்தான். எல்லோருக்கும் முகமூடி வேறு. முகபாவம் காட்ட வழியே இல்லாத ஒருவர், திறந்தவெளியில், பட்டப்பகலில், நின்ற நிலையாலேயே அந்த மௌனத்தைக் கடைசி வரிசைவரை கொண்டுபோக வேண்டியிருந்தது. உங்களிடம் அசையாமல் நில் என்றதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று வருத்தப்படுகிறீர்கள். ஏதென்ஸ் மக்களுக்கும் ஈடிபஸ் கதை முன்பே தெரியும். திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் இரவெல்லாம் கர்ண மோட்சம் கூத்துப் பார்க்கிறவர்கள் கர்ணன் பிழைப்பானா என்று பார்க்கவா போகிறார்கள்? கதை தெரிந்தவர்களுக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு காதில் விழும். லாயஸைக் கொன்றவன் நாசமாகப் போக என்று ஈடிபஸ் ஊரறியச் சாபமிடும்போது, ஊர் ஒரு நல்ல அரசனின் கோபத்தைக் கேட்கிறது. நீங்களோ, கொன்றவன் தானே என்று அறியாமல் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவனைக் கேட்கிறீர்கள். மேடம் முடிவைச் சொல்லியிராவிட்டால் உங்களுக்கு அந்தச் சாபம் சாதாரண வசனமாகப் போயிருக்கும்.

இப்போது நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பழகிய கேள்வி ‘யார், யாரிடம் கூறியது?’. உங்கள் செமஸ்டர் தாளிலும் இடம் சுட்டி விளக்கும் கேள்வி இருக்கும். நாடகம் படிக்கும்போது மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதை வேறு யார் கேட்டார்கள்? யார் கேட்காமல் போனார்கள்? பெரிய நாடகங்கள் பலவும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. இதைக் கேட்டுக்கொண்டே படித்தால், பிடிக்காத நாடகம்கூட மெல்லத் திறக்கும்.

ஈடிபஸ் நாடகத்தையே இந்தக் கேள்வியோடு முதலிலிருந்து ஒருமுறை புரட்டுங்கள். டெல்ஃபி கோயிலிலிருந்து தெய்வ வாக்குடன் ஜொகாஸ்டாவின் சகோதரன் கிரியோன் வருகிறான். இவர்கள் முன்னாலேயே சொல்லட்டுமா, உள்ளே போய்ப் பேசலாமா என்று கேட்கிறான். எல்லோர் முன்னாலும் சொல் என்கிறான் ஈடிபஸ். அந்த ஒரு வார்த்தையில் அவன் விதி ஊர்ச் சொத்தாகிவிடுகிறது. உள்ளே அழைத்துப்போயிருந்தால் நாடகம் வேறு. கடைசியில் கிழட்டு இடையனை மிரட்டிக் கேட்கும்போது, பயங்கரமானதைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேனே என்று அவன் அலறுகிறான். நான் அதைக் கேட்கும் விளிம்பில் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்கிறான் ஈடிபஸ். கண்களைக் குத்திக்கொண்ட பிறகு அவன் ஆசைப்படுவது என்ன தெரியுமா? காதையும் அடைத்துக்கொள்ள ஒரு வழி இருந்திருந்தால் அதையும் செய்திருப்பேன் என்கிறான். இந்த நாடகத்தில் பார்வை, குருடு என்பதைப் பற்றி எல்லாக் கைடும் எழுதும். காதைப் பற்றி அநேகமாக ஒருவரும் எழுதுவதில்லை. பரீட்சையில் நீங்கள் எழுதுங்கள்.

இப்படிக் கேட்பவரைக் கணக்கில் எடுப்பது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்லும்போது, கூற்று என்பதை அடுத்துக் கேட்போர் என்பதையும் ஓர் உறுப்பாகவே வைக்கிறது. பாடுகிறவர் யார் என்பது மட்டும் போதாது, யார் காதுக்குப் போகிறது என்பதும் பாட்டின் அங்கம். குறுந்தொகையைப் புரட்டினால் ‘தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவிக்குச் சொல்லியது’ என்ற வகையில் குறிப்புகள் வந்துகொண்டே இருக்கும். அவன் வேலிக்கு அப்பால் இருட்டில் நிற்கிறான். தோழிக்கு அது தெரியும். அவள் பேசுவது தலைவியிடம், ஆனால் விழவேண்டியது அவன் காதில்: காவல் கடுமையாகிவிட்டது, ஊர் அலர் தூற்றுகிறது, இனியும் இரவில் வந்துபோய்க்கொண்டிருக்காதே, வந்து மணந்துகொள். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டுப் படித்தால் அது இரண்டு பெண்கள் பேசும் புலம்பல். வேலிக்குப் பின்னால் ஓர் ஆளை நிறுத்திப் படித்தால் நாடகம். ஆங்கிலத் துறையில் இருப்பதால் தமிழ் வகுப்பில் கேட்டதை மறந்துவிடாதீர்கள். இந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான்.

உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, காளிதாசரின் சாகுந்தலத்தின் நான்காம் அங்கத் தொடக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். 1907இல் மறைமலையடிகள் தமிழில் தந்திருக்கிறார். அனசூயையும் பிரியம்வதையும் பூப்பறித்துக்கொண்டிருக்கிறார்கள். குடிலில் சகுந்தலை துஷ்யந்தனை நினைத்துத் தன்னை மறந்து உட்கார்ந்திருக்கிறாள். துர்வாசர் வருகிறார். அவரை நாம் பார்ப்பதே இல்லை; திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. யாரை நினைத்துக்கொண்டு என்னைக் கவனிக்காமல் இருந்தாயோ, அவன் நினைவூட்டினாலும் உன்னை நினைவுகொள்ளமாட்டான் என்று சாபம். சகுந்தலை அதைக் கேட்கவில்லை. கேட்டவர்கள் தோழியர் இருவர்தான். பிரியம்வதை ஓடிப்போய்க் காலில் விழுகிறாள். அடையாள அணியைக் கண்டால் சாபம் தீரும் என்கிறார் முனிவர். மோதிரம் அவள் விரலில் இருக்கிறதே என்று ஆறுதலடைந்து, இது நம் இருவருக்குள்ளேயே இருக்கட்டும், அவள் தாங்கமாட்டாள் என்று தோழியர் முடிவு செய்கிறார்கள். நவமல்லிகைக்கு யாராவது வெந்நீர் ஊற்றுவார்களா என்கிறாள் பிரியம்வதை.

எவ்வளவு அன்பு! அந்த அன்பினால்தான் எல்லாம் கெடுகிறது. ஐந்தாம் அங்கத்தில் அஸ்தினாபுரத்து அரசவையில் சகுந்தலை நிற்கும்போது, அரசன், புரோகிதர், கௌதமி, கண்வரின் சீடர்கள், சகுந்தலை என்று மேடையில் இருக்கும் ஒருவருக்கும் சாபத்தைப் பற்றித் தெரியாது. தெரிந்த இருவரும் ஆசிரமத்திலேயே நின்றுவிட்டார்கள். மோதிரமோ வழியில் தண்ணீரில் விழுந்துவிட்டது. அந்த அவையில் நடப்பது புரிகிற ஒரே ஆள் பார்வையாளர். மகாபாரதத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அரசனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, தெரிந்தே மறுக்கிறான். காளிதாசர் ஒரு குரலையும், அதைக் கேட்ட இரண்டு பேரையும், கேட்காத ஒருத்தியையும் சேர்த்தார். கதை முழுவதும் மாறிவிட்டது. யார் எதைக் கேட்கிறார்கள் என்பதில் வடமொழி நாடக மரபுக்கு அக்கறை அதிகம். தனக்குள் சொல்வதற்கு ஒரு குறிப்பு, எல்லோர் காதிலும் விழச் சொல்வதற்கு ஒரு குறிப்பு, திரிபதாகம் என்ற முத்திரை பிடித்த கையால் மற்றவர்களை மறைத்து ஒருவரிடம் மட்டும் சொல்வதற்கு ஜனாந்திகம் என்று ஒரு குறிப்பு.

அடுத்து ‘மேக்பெத்’ வரும் என்கிறீர்கள். மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. அரசன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் தன் மனைவியிடம் வருகிறான். “சத்தம் எதுவும் கேட்கவில்லையா?” “ஆந்தை அலறியது, சில்வண்டு கத்தியது. நீங்கள் பேசவில்லையா?” “எப்போது?” “இப்போது.” “நான் இறங்கும்போதா?” “ஆமாம்.” இதற்கு எந்தக் கைடு என்ன பொருள் எழுத முடியும்? அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றும் இதில் இல்லை. இருட்டில் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருடன் சேர்ந்து, குரலைத் தாழ்த்தி, இடைவெளி விடாமல் இதைப் படியுங்கள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே கதவைப் பார்த்துக்கொண்டு படியுங்கள். இரண்டில் எது பயமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஷேக்ஸ்பியர் பிடிக்கவில்லை என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில்தான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் அங்கத்து விருந்து. மேக்பெத் ஆளனுப்பிக் கொன்ற பாங்கோவின் ஆவி அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. பிரபுக்களுக்குத் தெரிவது காலி நாற்காலியிடம் கத்தும் அரசன். வகுப்பில் பெரும்பாலும் எல்லோரும் மேக்பெத்தாகத்தான் படிக்க விரும்புவார்கள். நீங்கள் அந்தப் பிரபுக்களில் ஒருவராக உட்காருங்கள். நேற்றுவரை சந்தேகம் மட்டும் இருந்தது. இன்று காதால் கேட்டுவிட்டீர்கள். அரசிக்கு இது புரிகிறது. அவருக்குச் சிறுவயதிலிருந்தே இப்படித்தான் வரும், சாப்பிடுங்கள் என்று சமாளிக்கிறாள். என்ன காட்சியைக் கண்டீர்கள் அரசே என்று ராஸ் கேட்டதும், பதில் வருவதற்குள் எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிடுகிறாள். ஒரு கொலையை மறைக்க அவள் செய்யவேண்டியது இனி காதுகளை வெளியே அனுப்புவதுதான்.

பிறகு ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சி. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் மேலானது. அரசி தூக்கத்தில் நடந்து, கையைக் கழுவுவதுபோல் தேய்த்துக்கொண்டு பேசுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்சியைத் தொடங்குவது ஒரு பணிப்பெண்ணும் மருத்துவரும். அரசி என்ன பேசினாள் என்று மருத்துவர் கேட்கிறார். சொல்லமாட்டேன் என்கிறாள் பணிப்பெண். என் சொல்லை உறுதிப்படுத்தச் சாட்சி இல்லை. இத்தனை இரவுகள் தனியாக அதைக் கேட்டு, வாயைத் திறந்தால் தலை போகும் என்று தெரிந்து, இரண்டாவதாக ஒரு காது வரும்வரை காத்திருந்திருக்கிறாள். பெயர்கூட இல்லாத பாத்திரம். அந்த நாட்டில் கொடுங்கோல் எப்படி இருந்தது என்பதை அவளுடைய அந்த ஒரு மறுப்பு சொல்லிவிடுகிறது. மருத்துவரும் கேட்ட பிறகு, நினைக்கிறேன், ஆனால் பேசத் துணியவில்லை என்று போய்விடுகிறார். டங்கனைக் கொன்ற இரவில் சத்தம் கேட்டதா என்று பயந்த அந்த இருவரில், இப்போது அரசியே தன் வாயால் எல்லாவற்றையும் இரண்டு பேர் காதில் போடுகிறாள். அதுவும் அவளுக்கே தெரியாமல்.

புத்தகத்தை மூடிவைக்கச் சொல்வதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர் கைக்கு முழு நாடகம் வருவதில்லை. அவருடைய வசனமும், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் கடைசி ஓரிரு சொற்களும் மட்டும் எழுதிய நீளச் சுருளைத்தான் கொடுப்பார்கள். எட்வர்ட் ஆலின் என்ற நடிகருக்குத் தந்த அப்படி ஒரு சுருள் லண்டன் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. தன் முறை எப்போது வரும் என்று அந்த நடிகருக்குத் தாளைப் பார்த்தால் தெரியாது. காதைக் கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். உங்கள் வகுப்பிலும் புத்தகம் திறந்திருந்தால் எல்லோர் கண்ணும் அடுத்து தன் முறை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும். படிப்பவரை யாரும் கேட்கமாட்டார்கள். மேடம் கண்டிப்பாக இருப்பது இந்த விஷயத்தில் என்றால், நான் முழுவதும் அவர் பக்கம்.

உச்சரிப்பு விஷயத்தில் அவர் பக்கம் இல்லை. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளையை வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் திருத்தினால், அடுத்த வாக்கியத்தில் அவன் பாத்திரத்தை மறந்து தன் நாக்கைப் பற்றி மட்டுமே நினைப்பான். காட்சி அங்கேயே செத்துவிடும். திருத்தத்தான் வேண்டும், படித்து முடித்த பிறகு. வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய், “மேடம், படிச்சு முடிச்சதும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்” என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். இவ்வளவு சிரத்தையாக நாடகம் எடுப்பவர் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்.

கூடவே, வீட்டில் முதலில் தமிழில் பேசிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பேச்சில். அந்த ஆறு வரி உரையாடலை அம்மாவுக்குத் தெரியாமல் ஏதோ செய்துவிட்ட இரண்டு பேர் பேசுவதுபோல் பேசுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்று நாக்குக்குத் தெரிந்திருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும் மேக்பெத்தை ‘மகபதி’ என்றும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். அவரே சிறுவயதில் தமிழ் நாடகம் என்றாலே வெறுத்தவர்தான். 1891இல் பல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழு சென்னையில் நடித்ததைப் பார்த்து மனம் மாறி, அதே ஆண்டில் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 18 வயது. உங்கள் வயதுக்கு ஒன்றிரண்டு குறைவுதான்.

உங்கள் தாளில் உள்ள நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ உங்களுக்கு மற்ற இரண்டையும்விட எளிதாக இருக்கும். ராஜா ராணி கிடையாது, ஒரு வங்கி மேலாளர் வீட்டு வரவேற்பறைதான். 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் முதலில் மேடையேறியது. அதிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். முதல் அங்கத்தில் நோரா, டாக்டர் ரேங்கிடமும் தோழி லிண்டேயிடமும், கணவன் டோர்வால்ட் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை என்கிறாள். சின்ன வசைச்சொல் ஒன்று. அதோ வருகிறார், சொல் என்கிறார் ரேங்க். உடனே உஸ் உஸ் என்று தின்றுகொண்டிருந்த பண்டத்தை ஒளித்துவைக்கிறாள். சிரிப்பாக வந்துபோகும் இடம். ஆனால் நாடகம் முழுவதும் அங்கேயே இருக்கிறது. அவன் காதில் விழும்படி அவள் உண்மையாக ஒரு வார்த்தை பேச மூன்றாம் அங்கத்தின் கடைசிவரை ஆகிறது. எட்டு வருடத் திருமணத்தில் நாம் உட்கார்ந்து பேசுவது இதுவே முதல் முறை என்று அவளே சொல்கிறாள். அந்த முடிவு அன்றைய நாடக உலகத்துக்குத் தாங்கவில்லை. ஜெர்மனியில் ஒரு நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகிறவளாக நான் நடிக்கமாட்டேன் என்று மறுத்தார். வேறு யாராவது கைவைப்பதைவிட நானே மாற்றுவது மேல் என்று இப்சன் மனமில்லாமல் இன்னொரு முடிவு எழுதிக்கொடுத்தார். நல்லவேளை, அது நிலைக்கவில்லை.

படம் பார்த்தால் போதாதா என்ற கேள்விக்கு: பாருங்கள், தவறே இல்லை. ஆனால் படித்த பிறகு பாருங்கள். படத்தில் கேமரா உங்களுக்காக முடிவு செய்துவிடும். தூதன் பேசும்போது ஜொகாஸ்டாவின் முகத்தை அருகில் காட்டினால் நீங்கள் அவளைப் பார்ப்பீர்கள். காட்டாவிட்டால் அவள் இல்லை. அது அந்த இயக்குநரின் வாசிப்பு. மேடையிலோ எல்லோரும் எப்போதும் இருக்கிறார்கள், யாரைப் பார்ப்பது என்பது உங்கள் கையில். முதலில் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் படத்துக்குப் போனால், இவர் ஏன் இங்கே கேட்பவரைக் காட்டாமல் விட்டார் என்று கேள்வி கேட்கும் நிலையில் இருப்பீர்கள். அந்தக் கேள்வியை விடைத்தாளிலும் எழுதலாம்.

‘மேக்பெத்’ தொடங்கும்போது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரிப்பார். மேக்பெத்துக்கும் பாங்கோவுக்கும் போட்டி இருக்கும். நீங்கள் ஐந்தாம் அங்கத்துப் பணிப்பெண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வசனம் குறைவு, உச்சரிப்புத் தொல்லையும் குறைவு. அரசி பேசும் நேரமெல்லாம் மருத்துவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்: இப்போதாவது நான் சொன்னதை நம்புகிறீர்களா என்று கேட்பதுபோல. ஏன் அந்தப் பக்கம் பார்த்தாய் என்று மேடம் கேட்பார். உங்களிடம் பதில் இருக்கும்.